ரிசர்வ் படையிலிருந்து 'அதர் தேன் ஆனரபிள்' என்று விடுவிக்கப்பட்டவர் ஆவணத்தைத் திருத்த முடியுமா?

கேள்வி: 2015இல் கிரீன் கார்டு வைத்திருந்தபோது அமெரிக்க ஆர்மி ரிசர்வில் (பகுதிநேரப் படையில்) சேர்ந்தேன். பயிற்சிக் காலத்திலேயே குடியுரிமை கிடைத்தது. 2018 இறுதியில் திருநெல்வேலியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்குப் போய் ஐந்து மாதம் தங்கிவிட்டேன். மாதாந்தர டிரில்லுக்கு (வார இறுதிப் பயிற்சிக்கு) போக முடியவில்லை. சார்ஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் நிலைமையையும், வீடு மாறியதால் புது முகவரியையும் தெரிவித்திருந்தேன். அம்மா இறந்த பிறகு திரும்பி வந்தேன். படைப்பிரிவிலிருந்து யாரும் அழைக்கவில்லை. இப்போது அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான், 2019 ஜூலையில் என்னை 'அதர் தேன் ஆனரபிள்' (கண்ணியமான நிலையில் அல்லாத விடுவிப்பு) என்று விடுவித்திருப்பது தெரிந்தது. என்னிடம் உள்ள டிடி 214 என்ற பணிச் சான்றில் 'ஆனரபிள்' (கண்ணியமானது) என்றுதானே இருக்கிறது? இதைத் திருத்த வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அதற்கான காலமும் உங்களுக்கு இன்னும் இருக்கிறது. தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதலில் டிடி 214 பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். முழுநேரப் பணியில் இருந்த காலத்துக்கு மட்டுமே அந்த ஆவணம் வழங்கப்படும் என்பதால், உங்கள் கையில் இருப்பது தொடக்கப் பயிற்சியை நல்லபடியாக முடித்ததற்கான சான்று மட்டுமே. அதன் பிறகு வார இறுதிப் பயிற்சிகளோடு நீங்கள் ரிசர்வில் இருந்த ஆண்டுகளின் முடிவைச் சொல்வது 2019இல் பிறப்பிக்கப்பட்ட தனியான பணிவிடுப்பு ஆணை, அதாவது படையிலிருந்து விடுவிக்கும் ஆணை. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. ஆகவே வேலை விண்ணப்பத்தில் டிடி 214ஐ மட்டும் காட்டி, பணிவிடுப்பு குறித்த கேள்விக்கு 'ஆனரபிள்' என்று எழுதிவிடாதீர்கள்; இப்போது உண்மை தெரிந்த பிறகு அப்படி எழுதினால் அது பொய்த் தகவல் தந்த குற்றமாகும், பணிவிடுப்பைவிடப் பெரிய சிக்கலை உண்டாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது பெரும்பாலும் குடியேற்றச் சட்டத்தின் 329ஆம் பிரிவின்படியாக இருக்கும்; 2001 செப்டம்பர் 11 முதல் படையில் பணியாற்றியவர்களுக்கு அந்தப் பிரிவு விரைவான வழியைத் திறந்தது. 2009 முதல் 2016 வரை நடந்த, மொழித்திறன் உள்ள வெளிநாட்டவரைச் சேர்க்கும் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால், கிரீன் கார்டுகூட இல்லாத நம்மவர்கள் சிலரும் இந்தப் பிரிவின்கீழ் குடியுரிமை பெற்றார்கள். அதே பிரிவில் இன்னொரு விதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: மொத்தம் ஐந்து ஆண்டுகள் கண்ணியமாகப் பணியாற்றி முடிப்பதற்குள் 'அதர் தேன் ஆனரபிள்' நிலையில் விடுவிக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையை ரத்து செய்ய அரசு கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம். 2015இலிருந்து 2019 வரை உங்களுக்கு ஐந்து ஆண்டுகள் நிரம்பவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரத்து தானாக நடந்துவிடாது. வழக்குத் தொடர்ந்து மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த வழக்குக்கு அடிப்படையாக நிற்பது இராணுவத்தின் ஆவணம்தான் என்பதால், ஆவணத்தைத் திருத்துவதை வேலைக்கான ஒரு காரியமாக மட்டும் நினைத்து ஒத்திப்போட வேண்டாம்.

இப்போது உங்கள் வழக்கின் சாரத்துக்கு வருவோம். ரிசர்வில் ஒரு வார இறுதி டிரில் வழக்கமாக நான்கு அமர்வுகளாகக் கணக்கிடப்படும். ஓராண்டுக்குள் ஒன்பது அமர்வுகளுக்கு அனுமதியின்றி வராதவரைத் திருப்தியற்ற பங்கேற்பாளர் என்று அறிவிக்க இராணுவ விதி இடம் தருகிறது. மூன்று வார இறுதிகள் தவறினாலே பன்னிரண்டு ஆகிவிடும் என்பதால், 'நான் வராமல் இல்லை' என்று வாதிட உங்களுக்கு இடமில்லை. ஆனால் 'அதர் தேன் ஆனரபிள்' என்று ஒருவரை வெளியேற்றுவதற்கு முன் அவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தந்து, வழக்கறிஞர் துணையோடு விசாரணை வாரியத்தின் முன் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பையும் அளித்தாக வேண்டும். குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாகவே கொள்வார்கள். உங்கள் விஷயத்தில் நடந்தது அநேகமாக இதுதான்.

எனவே முழு வழக்கும் ஒரு முகவரியில் வந்து நிற்கிறது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அது திரும்பி வந்தாலும் தங்கள் கடமை முடிந்தது என்று படைப்பிரிவு வாதிடும். முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பது வீரரின் பொறுப்பு என்பதும் விதியே. நீங்கள் புது முகவரியை எழுதி அனுப்பிய மின்னஞ்சல், அறிவிப்புக் கடிதத்தின் தேதிக்கு முந்தையது என்று காட்ட முடிந்தால் அந்த வாதம் நொறுங்கிவிடும். அரசு அலுவலகம் முறைப்படியே நடந்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் உங்கள் திருத்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வாரியம் கோப்பைத் திறக்கும். அதை மாற்றும் சுமை உங்களுடையது. அந்த மின்னஞ்சல்களை இன்றே தேடி, தேதியும் அனுப்பியவர், பெறுநர் விவரங்களும் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். கூடவே 180ஆம் எண் படிவத்தின் மூலம் உங்கள் முழுப் பணிக் கோப்பையும், குறிப்பாக வெளியேற்ற நடவடிக்கைக் கோப்பையும், தபால் ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கோப்பைப் படிக்காமல் விண்ணப்பம் எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பிக்க இரண்டு இடங்கள் உள்ளன. முதலாவது பணிவிடுப்பு மறுஆய்வு வாரியம். டிடி 293 படிவத்தில், விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள், அதாவது உங்களுக்கு 2034 ஜூலைக்குள், விண்ணப்பிக்க வேண்டும். இந்த வாரியம் உங்கள் நிலையை உயர்த்தலாம், அல்லது அப்படியே விடலாம். இருப்பதைவிடக் கீழே இறக்க அதற்கு அதிகாரம் இல்லை. முதலில் ஆவணங்களை மட்டும் வைத்துப் பரிசீலிக்கக் கேளுங்கள். அது தோற்றால் நேரில் விசாரணை கேட்கும் உரிமை மிஞ்சியிருக்கும்; நேர் விசாரணையை முதலிலேயே கேட்டுவிட்டால் அந்த இரண்டாவது வாய்ப்பு போய்விடும். இரண்டாவது இடம் இராணுவ ஆவணத் திருத்த வாரியம். அதன் அதிகாரம் விரிவானது. டிடி 149 படிவத்தில், தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். நியாயம் கருதிக் காலதாமதத்தை வாரியம் மன்னிக்கலாம். மறுஆய்வு வாரியத்துக்குப் போகும் காலம் இருக்கும்வரை அங்கே போய்விட்டு வரும்படிதான் திருத்த வாரியம் சொல்லும்.

விண்ணப்பத்தில் இரண்டு வாதங்களைத் தனித்தனியாக வையுங்கள். அறிவிப்பு சேரவில்லை, விசாரணை வாய்ப்பு கிடைக்கவில்லை என்ற நடைமுறைத் தவறு முதலாவது. நியாயம் பற்றியது இரண்டாவது: குடும்ப நெருக்கடி தெரிந்திருந்தும் விடுப்போ, மாற்றுத் தேதியோ, டிரில் கட்டாயமில்லாத தனிநபர் ரிசர்வுக்கு இடமாற்றமோ ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்று கேளுங்கள். அம்மாவின் மருத்துவமனைக் குறிப்புகள், இறப்புச் சான்றிதழ், விமானப் பயணச்சீட்டுகள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒழுங்காக டிரில்லுக்கு வந்த பதிவு ஆகியவற்றை இணைத்து, தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வையுங்கள். 2018 ஜூலையில் பாதுகாப்புத் துறை இந்த வாரியங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதல், கருணையையும் அதற்குப் பிந்தைய நல்ல வாழ்க்கையையும் எடைபோடச் சொல்கிறது. அந்த மாதங்களில் மனச்சோர்வு போன்ற பாதிப்பு உண்மையிலேயே இருந்து, மருத்துவரின் பதிவும் இருந்தால், 2017 ஆகஸ்ட் வழிகாட்டுதலின்படி அதைத் தாராள மனத்துடன் பரிசீலிக்க வேண்டும். இல்லாத நோயை மட்டும் எழுத வேண்டாம்.

வாரியம் பாதி வழியில் நின்று, 'ஜெனரல்' என்ற இடைநிலையை மட்டும் தரக்கூடும். அதுவும் கண்ணியமான நிலையில் விடுவிக்கப்பட்டதாகவே கணக்கிடப்படும் என்பதால் குடியுரிமை பற்றிய கவலை தீரும். வேலைக்கும் பெரிதும் உதவும். கல்விச் சலுகைக்கு மட்டும் முழு 'ஆனரபிள்' வேண்டும். அது கிடைக்கும்வரை மேலே போக நினைத்தால் திருத்த வாரியமும், அதற்குப் பிறகு கூட்டாட்சி நீதிமன்றமும் இருக்கின்றன.

விடுவிக்கப்பட்டு ஆறு மாதம் கழிந்தால் தானாகவே 'ஆனரபிள்' ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அப்படி எதுவும் இல்லை. முன்னாள் படைவீரர் சங்கங்களும், பல சட்டக் கல்லூரிகளின் இலவச ஆலோசனை மையங்களும் இந்த விண்ணப்பங்களைக் கட்டணமின்றி எழுதித் தருகின்றன. குடியுரிமை உங்கள் விஷயத்தில் கலந்திருப்பதால், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் அதைக் காட்டுங்கள்.