வரிக் குறைப்பு, திறைசேரி, உரிமை: இலங்கையின் 2019 பற்றிய கேள்வி பதில்

2019 டிசம்பரில் இலங்கையில் செய்த வரிக் குறைப்பும் அதன் பின்விளைவுகளும் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வரிக் கணக்குதான் என் தொழில், அதனால் அந்தப் பக்கம் விரிவாகவே சொல்வேன். சட்டத்தில் தெரிந்த அளவு சொல்கிறேன். டொலர் வாங்கலாமா, காணி வாங்கலாமா என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

வவுனியா, ஆசிரியை: சேர், அப்போது என்னென்ன குறைத்தார்கள்? என்னைப் போன்ற சம்பளக்காரருக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

கோத்தாபய ராஜபக்ச நவம்பரில் ஜனாதிபதியானார். டிசம்பர் 1ஆம் திகதியே வற் வரி (VAT, பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை இருந்தால் வற் பதிவு என்றிருந்ததை 300 மில்லியனாக உயர்த்தினார்கள். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 வீதம் அடியோடு போனது. கம்பனி வரி 28இலிருந்து 24 ஆனது. தனிநபருக்கு வருடம் 3 மில்லியன் வரை வரியே இல்லை என்றாயிற்று. முதலாளி சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும் முறையும், வங்கி வட்டியில் பிடிக்கும் முறையும் நிறுத்தப்பட்டன.

ஒரே சம்பளத்தை வைத்துப் பாருங்கள். மாதம் 200,000 ரூபா வாங்குகிறவர் 2019இல் மாதம் 6,000 ரூபா வரி கட்டினார். 2020இல் ஒரு சதமும் இல்லை. 2023 ஜனவரியில் 10,500 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து 3,000 ரூபா. இடைப்பட்ட மூன்று வருடம் அவர் கையில் மாதம் 6,000 மிஞ்சியது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விட்டது. மாதம் 60,000 வாங்குகிறவருக்கோ மிச்சமாக ஒன்றும் வந்ததில்லை, ஏனென்றால் அவர் முன்பும் வருமான வரி கட்டவில்லை. காஸ் விலை மட்டும் அவருக்கும் அதேதான்.

இதை இன்று பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: யார் வரியைக் குறைக்கிறேன் என்று வந்தாலும், அந்தப் பணம் இனி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

திருகோணமலை: ஐயா, எனக்கு வரி அடையாள இலக்கம் அனுப்பியிருக்கிறார்கள். வரி கட்ட வேண்டுமா?

இலக்கம் வந்ததால் மட்டும் வரி வராது. 2025 ஏப்ரலிலிருந்து வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால்தான் தனிநபர் வருமான வரி.

கொழும்பு, வர்த்தகர்: வரியைக் குறைத்தால் கையில் காசு புழங்கும், வியாபாரம் பெருகும், அரசுக்கும் வருமானம் கூடும். கொவிட் வந்து கெடுத்துவிட்டது, அவ்வளவுதான். வரிக் குறைப்பின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?

கொவிட்டும் ஒரு காரணம்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு சுற்றுலா அடிவாங்கியிருந்ததும் ஒரு காரணம். ஆனால் திகதிகளைப் பாருங்கள். நாட்டுக்குள் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக நோய் கண்டுபிடிக்கப்பட்டது 2020 மார்ச்சில். ஃபிட்ச் தரப்படுத்தல் நிறுவனம் இலங்கையின் எதிர்நோக்கை 'எதிர்மறை' (கடன் தரம் இனி இறங்கலாம் என்ற எச்சரிக்கை) என்று மாற்றியது 2019 டிசம்பரில், வரிக் குறைப்பைக் காட்டி. அப்போது கொவிட் என்ற பெயரே இல்லை.

அடுத்து வற் கணக்கு. 2019இல் வற் வரியாக வந்தது சுமார் 444 பில்லியன், 2020இல் சுமார் 234 பில்லியன். 15ஐ 8 ஆக்கினால் வருமானம் எந்த விகிதத்தில் இறங்குமோ, கிட்டத்தட்ட அதே விகிதம். நீங்கள் சொல்வதுபோல் வியாபாரம் பெருகி ஈடுகட்டிய தடயம் எதுவும் அதில் இல்லை. மொத்த வரி வருமானம் சுமார் 1,735 பில்லியனிலிருந்து 1,217 பில்லியனுக்கு விழுந்தது. 2021இல் பொருளாதாரம் மறுபடி வளர்ந்தது. அப்போதும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரியின் பங்கு 8 வீதத்துக்கும் கீழே போனது. 2019இல் அது 12 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஏற்கெனவே உலகத்தில் மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அதிக வரியால் மூச்சுத் திணறும் நாட்டுக்குச் சொல்லும் வைத்தியத்தை நமக்குச் செய்தார்கள்.

துண்டு விழுந்ததை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. கடன் தரம் இறங்கியதால் வெளியே கடன் கிடைக்கவில்லை. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 2022 மார்ச் முடிவில் 1.9 பில்லியன். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

அதே வர்த்தகர்: சரி, வருமானம் குறைந்தது. ஆனால் பொருட்களின் மீதான வரி குறைந்தால் விலை இறங்கி ஏழைக்கு நல்லதுதானே?

இறங்கினால் நல்லது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கினார்கள். கடையில் சீனி 50 ரூபா இறங்கியதா? இறக்குமதியாளர் கையில் நின்றது, திறைசேரிக்கு (அரசின் கருவூலத்துக்கு) வராமல் போனது. ஆகவே மறுபடி சொல்கிறேன்: யாருடைய பைக்குப் போகிறது, எங்கிருந்து வரும் என்று கேட்காமல் கை தட்டாதீர்கள்.

மாத்தளை: வரி அடையாள இலக்கம் எடுத்தால் வங்கி வட்டியில் 10 வீதம் பிடிப்பார்களா?

வட்டியில் பிடிப்பதற்கும் இலக்கத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் அப்படிச் சுய பிரகடனம் எழுதிக் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். மேலே திருகோணமலைக்காரருக்குச் சொன்னதையும் வாசியுங்கள்.

யாழ்ப்பாணம், சட்ட மாணவி: வரிக் குறைப்பு எப்படி அடிப்படை உரிமை மீறல் ஆனது? விளக்க முடியுமா?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று இருந்தேன். 2022இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் போடப்பட்டன. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலானது.) 2023 நவம்பர் 14ஆம் திகதி நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி கோத்தாபய, முன்னாள் பிரதமர் மகிந்த, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் டபிள்யூ.டி. லக்ஷ்மன், அஜித் நிவாட் கப்ரால், முன்னாள் ஜனாதிபதிச் செயலாளர் பி.பி. ஜயசுந்தர, முன்னாள் திறைசேரிச் செயலாளர் எஸ்.ஆர். ஆட்டிகல உள்ளிட்டோர் பொதுமக்கள் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், அதனால் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையை மீறினார்கள் என்றது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்பதுதான் அந்த உறுப்புரை. வரிக் குறைப்பு மட்டுமல்ல, சர்வதேச நாணய நிதியத்திடம் (IMF) போகாமல் இழுத்தடித்தது, டொலருக்கு 203 ரூபா என்று பிடித்து வைத்தது, 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் கடன்பத்திரத்தைக் கட்டியது எல்லாம் அதில் வந்தன. மனுதாரர்களுக்குக் கிடைத்தது 150,000 ரூபா வழக்குச் செலவு. நட்டஈடு கிடையாது.

சென்னை, வழக்கறிஞர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் சார். இது ஆபத்தான தீர்ப்பு. வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் வேலை. மக்கள் வாக்களித்துக் கேட்ட வரிக் குறைப்பு அது. தவறு என்றால் அடுத்த தேர்தலில் தண்டிக்கட்டும். நீதிபதிகள் நிதியமைச்சர் ஆகக் கூடாது.

உங்கள் கவலை நியாயமானது, அந்த ஒரு நீதியரசரும் பெரும்பான்மையோடு உடன்படவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுக்கிறது. வருமான வரி மாற்றங்களை 2020 ஜனவரியிலிருந்து உள்நாட்டு இறைவரித் திணைக்கள அறிவித்தலை வைத்து நடைமுறைப்படுத்தினார்கள். சட்டத் திருத்தம் வந்தது 2021 மே மாதம். ஒரு வருடத்துக்கு மேல் பாராளுமன்றம் நிறைவேற்றாத வரிச் சட்டத்தில் நாடு ஓடியது. வாக்களித்த மக்களின் பிரதிநிதிகள் அதை விவாதித்து முடிவெடுக்கும் முன்னே பணம் போய்விட்டது.

சென்னை, வழக்கறிஞர்: அது நடைமுறைக் குறை. அதற்காகக் கொள்கையையே உரிமை மீறல் என்பதா? நாளைக்கு வரியைக் கூட்டினாலும் வழக்குப் போடுவார்கள்.

போடட்டும், தோற்கட்டும். நீதிமன்றம் 8 வீதம் சரியா 15 வீதம் சரியா என்று தீர்மானிக்க உட்காரவில்லை. விளைவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அதிகாரிகள் திருத்தாமல் இருந்தார்களா என்றுதான் பார்த்தது. தவறான முடிவு வேறு, தரம் இறங்க இறங்க, கையிருப்பு கரையக் கரைய அசையாமல் இருந்தது வேறு. இரண்டாவதற்கு ஐந்து வருடம் காத்திருந்து வாக்குப் போடு என்று, கியூவில் நின்றவரிடம் எப்படிச் சொல்வது? பெற்றோல் வரிசையில் நின்று மயங்கி விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வாசகர்: இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், மற்றவர்களுக்கும் பதில் சொல்லுங்கள்.

சரி, சொல்கிறேன். வழக்கறிஞர் ஐயா, உடன்படாமலே விடுவோம்.

நுவரெலியா: வருமான வரி கட்டுவது சில இலட்சம் பேர். கட்டாதவர்களுக்கும் இலவச வைத்தியம், இலவசக் கல்வி. கட்டுகிறவர்களுக்குத்தானே உரிமை அதிகம் இருக்க வேண்டும்?

இல்லை. நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே பாருங்கள். கொழுந்து பறிக்கிற அக்கா சவர்க்காரம் வாங்கும்போதும் ஃபோனுக்கு ரீலோட் போடும்போதும் வரி கட்டுகிறார். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது காஸுக்கும் எரிபொருளுக்கும் இருந்த விலக்கும் போனது. அரசுக்கு வரும் வரியில் பெரும்பகுதி இப்படி மறைமுகமாகத்தான் வருகிறது. வருமானத்தோடு ஒப்பிட்டால் அவர் கொடுப்பது குறைவில்லை. ரசீதில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். மேலே இருக்கிறவர்களின் நேர் வரியைக் குறைத்து உண்டான பள்ளத்தை நிரப்பியது யாருடைய பணம் என்று இப்போது தெரிகிறதா? 1945இலிருந்து வருகிற இலவசக் கல்வி யாரோ போட்ட பிச்சை இல்லை.

கண்டி: ஊழியர் சேமலாப நிதியை இப்போது எடுக்கலாமா?

தொழில் திணைக்களத்திடம் கேளுங்கள். இந்தக் கேள்வி இங்கே வேண்டாம்.

மட்டக்களப்பு: 2022இல் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் என் அப்பா கஷ்டப்பட்டார். சுகாதார உரிமை என்று வழக்குப் போட முடியாதா?

அப்பாவை நினைத்து வருத்தமாக இருக்கிறது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சுகாதாரம் என்று தனி உரிமை இல்லை. போதிய வாழ்க்கைத் தரம், கல்வி எல்லாம் 27ஆவது உறுப்புரையில் அரசுக்கான வழிகாட்டும் கோட்பாடாக இருக்கின்றன. அவற்றை வைத்து நேரே வழக்காட முடியாது என்று 29ஆவது உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஆகவே எல்லோரும் 12(1) வழியாகத்தான் போகிறார்கள். அதற்கும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. பலருக்கு இது தெரியாமல் நாள் போய்விடுகிறது. 2022 சம்பவத்துக்கு இப்போது கடினம், ஆனாலும் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

நீர்கொழும்பு: வரி அடையாள இலக்கம்...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

குருநாகல்: இப்போது வருமானம் நன்றாக ஏறிவிட்டதே, இனி வரியைக் குறைக்கலாம்தானே?

எந்த வருமானம் ஏறியது என்று பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்தவர்கள் ஒரேயடியாக வாங்கினார்கள், சுங்கத்தில் பணம் கொட்டியது. அந்தத் தாகம் தீர்ந்தால் அதுவும் இறங்கும். நிரந்தரமான ஒரு வரியை இந்த வரவை நம்பிக் குறைக்கச் சொல்கிறவரிடம், வாகனம் விற்காத வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு மருந்து எதைக் கொண்டு வாங்குவார் என்று கேளுங்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால், என் விருப்பம் காஸ் சிலிண்டர் மேல் இருக்கிற வற்றிலிருந்து தொடங்குவது.