சஸ்காட்செவன் சமவெளியின் சிற்றூர்களில் மக்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ‘ஹேம்லெட்’ எனப்படுவது, தனி நகராட்சித் தகுதி பெறாமல், சுற்றியுள்ள கிராமப்புற நகராட்சியின் நிர்வாகத்துக்குள் அடங்கிய சிறு குடியிருப்பு; பலவற்றின் மக்கள்தொகை நூறைக்கூட எட்டுவதில்லை.

இதன் வேர் நில அளவையில் இருக்கிறது. சமவெளி முழுவதும், கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போல, ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் பெற்ற குடியேறி, அந்த நிலத்திலேயே வசித்துப் பயிரிட வேண்டியிருந்தது. ஆகவே வீடுகள் ஓரிடத்தில் கூடாமல் வயல்தோறும் சிதறின. ஊர் என்பது ரயில் நிலையத்தையும் தானியக் களஞ்சியத்தையும் ஒட்டி, குதிரை வண்டியில் கோதுமையை இறக்கிவிட்டு ஒரே நாளில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் முளைத்தது.

லாரி வந்ததும் அந்தத் தொலைவு பொருளிழந்தது. இயந்திரங்களால் ஒரே குடும்பம் பல பண்ணைகளின் நிலத்தை உழுதது. மரக் களஞ்சியங்கள் மூடப்பட்டன, பள்ளியும் கடையும் பெரிய ஊருக்குப் போயின.

ஆள் குறைந்ததால் நிலம் தரிசாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வெறிச்சோடிய தெரு முடியும் இடத்திலேயே கோதுமையும் கனோலா என்னும் எண்ணெய் வித்தும் விளையும் வயல் தொடங்கிவிடுகிறது.