அந்தப் பங்கர் இன்னும் இருக்கிறதா?

அண்ணா,

யூடியூப்பில் காலம் பற்றி ஒரு காணொலி பார்த்தேன். இறந்தகாலமும் எதிர்காலமும் நிகழ்காலத்தைப் போலவே இருக்கின்றன, எதுவும் அழிவதில்லை, ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார் என்கிறார்கள். வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் மகன் 2009இல் மாத்தளனில், பங்கருக்குள் ஷெல் விழுந்து செத்தவர். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவன் இன்னும் அதுக்குள்ளதான் கிடக்கிறானோ?" என்று கேட்டார். ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது. என்னோடு படிப்பிக்கும் சேர் ஒருவர், "போனது போனதுதான், இல்லாத ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு அழாதேங்கோ" என்கிறார். எது சரி? இதை உயர்தர வகுப்பில் பேசலாமா?

ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. காணொலி சொல்வது முழுக்கச் சரி என்று வைத்துக்கொண்டாலும் இல்லை.

எல்லாக் காலமும் இருக்கிறது என்பவர்கள், 2009 இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதில்லை. ஏ9இல் பஸ் மாங்குளத்தைத் தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்துவிட்டால் மாங்குளம் இல்லாமல் போவதில்லை, அதற்காக அது கிளிநொச்சிக்குள் வந்து நிற்பதும் இல்லை. காலத்தையும் அவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வலி எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவுதான் அதன் நீளம். அது இன்றுவரை இழுபட்டு வரவில்லை, திரும்பத் திரும்ப ஓடவும் இல்லை. அந்தப் பங்கர் இருக்கிறதென்றால், அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த வருடங்களும் அதே மாதிரித்தான் இருக்கின்றன, அவர் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன நாட்கள் உட்பட. அம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, காணொலிக்கு வருகிறேன். அந்திரொமேடா என்ற தொலைதூர விண்மீன் கூட்டத்தின் ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 25 இலட்சம் வருடம் எடுக்கிறது, ஆகவே நாம் இறந்தகாலத்தையே கண்ணால் பார்க்கிறோம் என்று அதில் பெரிதாக இசை போட்டுச் சொல்கிறார்கள். அது ஒன்றையும் நிறுவாது. இங்கே வந்து சேர்வது ஒளி மட்டும்தான், அதை அனுப்பிய விண்மீன் இப்போது இருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஒளி சொல்லாது. உண்மையான வாதம் 1905இல் ஐன்ஸ்டைன் காட்டியதிலிருந்து வருகிறது: தூர தூரமாக நடக்கும் இரண்டு நிகழ்வுகள் ஒருவருக்கு ஒரே நேரத்தில் நடந்தவை என்றால், அவரைக் கடந்து ஓடும் இன்னொருவருக்கு அவை முன்பின்னாக நடந்தவை, இருவர் கணக்கும் சரி. அண்டம் முழுவதற்கும் பொதுவான ஓர் "இப்போது" கிடையாது என்றால், இப்போது இருப்பது மட்டுமே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இதை 1967இல் ஹிலரி புட்னம் என்ற தத்துவவியலாளர் ஒரு கட்டுரையாக எழுதினார், அடுத்த வருடமே ஹவார்ட் ஸ்டைன் என்ற இன்னொரு தத்துவவியலாளர் மறுத்து எழுதினார், சண்டை இன்னும் முடியவில்லை. ஐன்ஸ்டைனின் பெயரில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்த வாசகம், முக்கால வேறுபாடு பிடிவாதமான ஒரு மாயை என்பது, 1955இல் நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில் வருவது. செத்தவீட்டுக் கடிதத்தை பௌதிகவியல் நிறுவலாக எடுக்கக்கூடாது.

மறுபக்கத்தில் எனக்குப் பிடித்த வாதம் ஆதர் பிரையர் என்ற தத்துவவியலாளர் 1959இல் எழுதியது. ஒரு துன்பம் முடிந்ததும் "அப்பாடா, முடிஞ்சுது" என்கிறோமே, அந்த நிம்மதி எதைப் பற்றியது? துன்பம் இன்ன தேதியில் முடிகிறது என்பது அதற்கு முந்தின நாளும் உண்மைதான், ஆனால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி வரவில்லை. ஷெல் சத்தம் இல்லாத முதல் இரவை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முடிந்தது என்பதில் ஏதோ ஒன்று உண்மையாகவே மாறியிருக்கிறது. எல்லாக் காலமும் சமமாக இருக்கிறது என்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில் எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை.

அப்படியிருந்தும் உங்கள் சேரின் பக்கம் என்னால் போக முடியாது. காரணம் யான் லூக்காசியேவிச் என்ற போலந்துத் தர்க்கவியலாளர். நிகழ்காலம் மட்டுமே உண்மை என்ற நினைப்பை அவர் பயமில்லாமல் கடைசிவரை கொண்டுபோனார்: கடந்தகாலத்தில், இன்றும் விளைவு விட்டு வைத்திருக்கிற பகுதிதான் உண்மை, விளைவெல்லாம் தேய்ந்து போன சம்பவம் நடந்தது என்றே சொல்ல முடியாது. அவருக்கு இது ஆறுதலாகவும் இருந்தது. எல்லார் வாழ்விலும் துன்பமான கணங்கள் உண்டு, அதைவிடக் கடினமான குற்றக் கணங்களும் உண்டு, அவை நினைவிலிருந்து மட்டுமல்ல, இருப்பிலிருந்தே அழிந்துபோனால் நல்லதுதானே என்கிறார். யாருக்கு நல்லது? குற்றம் செய்தவனுக்கு நல்லதுதான். தடயத்தை அழித்தால் செயலே அழிந்துவிடும் என்பதைவிட அவனுக்கு வேறென்ன வேண்டும்?

முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியை நினைத்துப் பாருங்கள். 2023இல் தண்ணீர்க் குழாய் போட நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அந்தக் குழாய் வேறு பக்கத்தால் போயிருந்தால்? எலும்புகள் உக்கி, தெரிந்தவர்களும் செத்து, ஒரு தடயமும் மிஞ்சாமல் போயிருந்தால், அங்கே புதைக்கப்பட்டவர்கள் புதைக்கப்படவே இல்லை என்று ஆகியிருக்குமா? ஆகாது. நமக்குத் தெரியாமல் போயிருக்கும், அது வேறு விசயம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த அம்மாக்கள் "எங்கட பிள்ளையள் எங்க?" என்று கேட்கும்போது, எவராலும் மாற்ற முடியாத ஒரு விடை இருக்கிறது என்று நம்பித்தான் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை சரி என்று நினைக்கிறேன். செய்ததைச் செய்யாததாக்கக் கடவுளாலும் முடியாது என்று அகத்தோன் என்ற கிரேக்கக் கவி சொன்னதை அரிஸ்டாட்டில் எடுத்துக் காட்டுகிறார். நான் அங்கேதான் நிற்கிறேன். அதற்குக் கடந்தகாலம் மாங்குளம் மாதிரி எங்கோ இருக்கத்தான் வேண்டுமா என்றால், இருந்தால் விளக்குவது சுலபம், அதனால்தான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

இது வெள்ளைக்காரர் தொடங்கிய சண்டையும் அல்ல. முக்காலமும் உண்டு என்ற சர்வாஸ்திவாத பௌத்தர்கள், செய்த வினை அடியோடு இல்லாமல் போயிருந்தால் அதன் பலன் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். இந்தத் தீவில் நிலைத்த தேரவாதமோ கதாவத்து என்ற நூலில் அந்தக் கொள்கையை மறுக்கிறது. கடந்தது இல்லை என்ற மரபு நிலைத்த நாட்டில்தான் விகாரையா கோயிலா என்ற பிணக்குள்ள குருந்தூர்மலையில் கடந்தகாலம் யாருடையது என்று அடிபடுகிறோம்.

வகுப்பில் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசுங்கள், ஆனால் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையில் தொடங்க வேண்டாம், பிள்ளைகள் ரயிலும் மின்னலும் என்று கணக்குக்குள் போய்விடுவார்கள். பிரையரில் தொடங்குங்கள், சோதனை முடிந்த நாளை உதாரணமாகச் சொன்னால் போதும். அப்புறம் லூக்காசியேவிச். அவரைச் சொல்லும்போது உங்கள் சேரையும் வகுப்புக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர் பக்கத்து வாதத்தை அவரே சொல்லட்டும்.