சாலிட் மாடல் ஃபைல் திறக்க மறுத்தால்: கேள்வி பதில்

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் படகுப் பட்டறைகள், லேத் பட்டறைகள், கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சாலிட் மாடல் என்றால் கணினியில் வரையும் முப்பரிமாண உருவம். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட், ஃப்ரீகேட், ரைனோ எல்லாம் அதை வரையும் புரோகிராம்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: கெட்ட ஃபைலில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். முதலில் நகல் எடுத்து, நகலில்தான் எல்லா முயற்சியும்.

மண்டபம், படகுப் பட்டறை: அண்ணே, சாலிட்வொர்க்ஸில் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஃபைல் 38 எம்பி காட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை. ரிப்பேர் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

காசைச் செலவழிக்கும் முன் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள் தம்பி. புரியாத எழுத்துகள் குவிந்திருந்தால் உள்ளே ஏதோ மிச்சமிருக்கிறது. வெறும் வெற்றிடமாக நீண்டால் உள்ளே இருப்பது பூஜ்யங்கள் மட்டுமே. டிஸ்க்கில் ஃபைலின் அளவு பதிவாகிவிட்டது, உள்ளடக்கம் போய்ச்சேரும் முன் மின்சாரம் நின்றுவிட்டது. அதை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

மிச்சமிருந்தால் இந்த வரிசையில் போங்கள். புது அசெம்ப்ளி (பல பாகங்களைச் சேர்க்கும் ஃபைல்) ஒன்றைத் திறந்து அந்தப் பார்ட்டை (ஒற்றைப் பாகத்தின் ஃபைல்) உள்ளே கொண்டுவந்து பாருங்கள். வந்தால் உடனே பாராசாலிட் என்ற, பல புரோகிராம்களும் படிக்கும் ஃபைல் வடிவில் சேமியுங்கள். ஃபீச்சர் மரம் (வரைந்த படிகளின் பட்டியல்) போகும், உருவம் தங்கும். வராவிட்டால் அதைவிடப் புதிய வெர்ஷன் உள்ள கணினியில் முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் மாடலைப் பார்க்க உதவும் இ‑டிராயிங்ஸ். அதில் உருவம் தெரிந்தால் அளவெடுத்துத் திரும்ப வரையலாம்.

இனிமேலுக்கு: ஆப்ஷன்ஸில் பேக்கப்/ரெக்கவர் பக்கத்தில் இரண்டு வசதிகள் உண்டு, பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஆட்டோ ரெக்கவர் என்பது புரோகிராம் பாதியில் நின்றால் உதவுவது. ஃபைலைச் சேமித்து மூடினால் அது அழிந்துவிடும். பேக்கப் என்பது ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய நிலையின் நகல். உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவதுதான். ஒரு ஃபைலுக்கு 5 நகலாவது வையுங்கள், வேறு டிஸ்க்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் உட்காரவே கூடாது. யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் கணினி அணைகிறதென்றால் பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும். அந்த 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

தொண்டி, வரைவாளர்: ஆட்டோகேட் 3டி டிராயிங் திறக்கும்போதே எரர் சார்.

திறக்கவே இல்லையென்றால் ரெக்கவர் கட்டளை, திறந்தபின் கோளாறு செய்தால் ஆடிட் கட்டளை. முடியாவிட்டால் அதே ஃபோல்டரில் உள்ள டாட் பேக் (.bak, முந்தைய சேவின் நகல்) ஃபைலை நகலெடுத்து டாட் டிடபிள்யூஜி என்று பெயர் மாற்றுங்கள். தானாகச் சேமித்த எஸ்வி டாலர் ஃபைல் எங்கே இருக்கிறதென்று சேவ்ஃபைல்பாத் கட்டளை சொல்லும். ஒரே ஒரு சாலிட்தான் தொல்லை என்று தெரிந்தால், சாலிட்எடிட்டில் பாடி, செக் கொடுத்து அது சரியான சாலிட்தானா என்று பாருங்கள். மற்றவற்றை டபிள்யூபிளாக் வழியாகப் புது ஃபைலுக்குக் கடத்திவிடுங்கள்.

கீழக்கரை, பொறியியல் மாணவி: ஃப்ரீகேட் புராஜெக்ட் திறக்கவில்லை அண்ணா. அடுத்த வாரம் ரிவ்யூ.

மீட்க மற்றவற்றைவிட எளிதானது ஃப்ரீகேட்தான்மா. அதன் எஃப்சிஎஸ்டிடி ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப். நகலின் பெயரை டாட் ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். உள்ளே டாக்குமென்ட் எக்ஸ்எம்எல்லும், பிஆர்பி என்று முடியும் ஃபைல்களும் இருக்கும். ஒவ்வொரு பிஆர்பியும் மாடலில் உள்ள ஒரு பொருளின் வடிவம், சாலிட்களும் அதில் அடக்கம். புது டாக்குமென்ட்டில் இம்போர்ட் செய்யலாம். ஸ்கெட்ச் வரலாறு மட்டும் வராது. ஜிப்பே உடைந்திருந்தால் லினக்ஸில் ஜிப் கட்டளையை இரட்டை எஃப் (-FF) கொடுத்து ஓட்டுங்கள். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொடுக்கும். அதற்கெல்லாம் முன்னால், பக்கத்தில் எஃப்சிபேக் (ஃப்ரீகேட் வைக்கும் பேக்கப்) ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென் டிரைவிலிருந்தே திறந்து அதிலேயே சேவ் செய்வதை நிறுத்துங்கள். கணினியில் வேலை, பிறகு காப்பி. கல்லூரிக்குக் கொண்டுபோகும்போது செவன்‑ஜிப்பில் சுருக்கி, டெஸ்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப்போங்கள்.

தங்கச்சிமடம், ஃபைபர் படகு மோல்டு செய்பவர்: ஃபைல் திறக்கிறது, ஆனால் ஷெல் (உள்ளே குடைந்து சுவர் மட்டும் விடும் கட்டளை) கொடுத்தால் எரர். ஃபைல் கரப்ட்டா?

இல்லை. இது வேறு நோய். ஃபைல் நலமாக இருக்கிறது, உள்ளே உள்ள வடிவம்தான் கெட்டிருக்கிறது. அணியமும் (படகின் முன்பக்கம்) ஏராவும் (அடிக்கட்டை) சேரும் இடத்தை முதலில் பாருங்கள். வெளி வளைவின் ஆரம் 5 மிமீ, சுவர் 6 மிமீ என்றால் உள்பக்கம் நகர்த்திய பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். ஆரத்தைச் சுவரைவிடக் கூட்டுங்கள், அல்லது ஷெல்லை முடித்துவிட்டு ஃபில்லட் (விளிம்பு வளைவு) போடுங்கள்.

ஹல் (படகின் உடல்) ரைனோவிலிருந்து வந்ததென்றால் அங்கேயே ஷோஎட்ஜஸ் கொடுத்து நேக்கட் எட்ஜ் இருக்கிறதா பாருங்கள். திறந்த விளிம்பை அங்கே மூடுவது சுலபம். சாலிட்வொர்க்ஸில் வந்த பிறகு இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பார்ட் முடிந்ததும் வெரிஃபிகேஷன் ஆன் ரீபில்டைப் போட்டு, கண்ட்ரோல் க்யூ ஒருமுறை அழுத்துங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் மறைந்து கிடக்கும் பிழை அந்த இடத்திலேயே வெளிவரும். இருபது ஃபீச்சர் தாண்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

உச்சிப்புளி, லேத் பட்டறை: அசெம்ப்ளி திறந்தால் புரோகிராமே மூடிக்கொள்கிறது.

பார்ட் ஃபைல்களை எல்லாம் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள். காணோம் என்று கேட்டால் சப்ரெஸ் (தற்காலிகமாக விலக்கி வைத்தல்) செய்யுங்கள். திறந்தால் குற்றவாளி ஒரு பார்ட். பாதியைத் திருப்பி வைத்து அவற்றை மட்டும் அன்சப்ரெஸ் செய்யுங்கள். மூடிக்கொண்டால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லையென்றால் மீதியில். அந்தப் பகுதியை மறுபடி பாதியாக்குங்கள். 64 பார்ட் இருந்தாலும் ஆறு தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம்.

தேவிபட்டினம்: வாரம் ஒரு ஃபைலாவது கெடுகிறது. புரோகிராமைத் திரும்ப நிறுவியும் பயனில்லை.

அப்படியானால் கணினியைச் சந்தேகியுங்கள். உப்புக்காற்று ராம் கார்டின் தொடுமுனைகளையும் சாட்டா இணைப்பையும் அரிக்கும். ராம் தவறாகப் படித்தால் தவறான விவரமே சத்தமில்லாமல் சேவ் ஆகும், எந்த எரரும் வராது. எம்டிஷெட் (mdsched) என்று விண்டோஸின் ரன் பெட்டியில் கொடுத்து மெமரி சோதனை செய்யுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். காஷன் (எச்சரிக்கை) என்றிருந்தால் அன்றைக்கே தரவை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ராம் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். பிறகு சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் கார்டையே மாற்ற வேண்டும்.