பதில்: வெளிநாட்டு உறவினருக்கும் பொருந்தும் அரசப் பொருளுடைய பெண் பெயர்

வணக்கம் சகோதரி. ஒட்டுசுட்டானில் இருக்கும் அம்மம்மாவும் பிரான்ஸில் இருக்கும் மாமியும் தடங்கலின்றி அழைக்கக்கூடியதாகவும், அரசி என்ற பொருள் தருவதாகவும் மகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட 'சாரா', இளவரசி என்று பொருள்படும் எபிரேயப் பெயர். பிரெஞ்சுக்காரருக்கும் நன்கு பழக்கமானது. ஆயினும் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் 'சாராயம்' என்று நீட்டிக் கேலி செய்யக்கூடும் என்பதால் நான் தயங்குவேன். இலத்தீனில் அரசியைக் குறிக்கும் 'ரெஜினா' நம்மவர் காதுக்குப் புதிதன்று. அரபு மொழியின் 'மலிக்கா'வுக்கும் அதே பொருள்தான், ஆனால் அம்மம்மா அதை இரண்டே நாளில் 'மல்லிகா' ஆக்கிவிடுவார். 'ரானியா'வை அரசி என்று சில இணையப் பட்டியல்கள் சொல்வதை நம்பவேண்டாம்; ஜோர்தான் அரசியின் பெயர் அதுவாக இருப்பதாலும் வந்த குழப்பமாக இருக்கலாம் அது.

1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்கு, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நினைவுக்கல் நிற்கும் மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, தமிழிலேயே அரசப் பெயர் வைப்பது பொருத்தம் என்பது என் எண்ணம். தனியே 'அரசி' என்றால் 'அரிசி' ஆகிவிடும். 'கோமகள்' என்பதன் ளகரம் பிரான்ஸில் சிதையும். ஆகவே 'மதியரசி' என்று பதிந்து, வீட்டிலும் வெளிநாட்டிலும் 'மதி' என்று அழைக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவுசெய்து, பிறப்புச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை மாற்றாமல் பயன்படுத்துங்கள்.