ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு ஆறரை வயது, மகனுக்கு இரண்டு. காலையில் எல்லாரும் ஒழுங்காகப் பல் தீட்டிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்போம். அப்படியிருந்தும் மகளின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும், பேசாமல் விடு" என்கிறார் மாமி. விடலாமா? எந்தப் பேஸ்ட் வாங்கினால் பல் சூத்தையாகாது? எனக்கும் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது.

பதில்: முதலில் மகளை ஜன்னலோரம் இருத்தி, போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து எண்ணிப் பாருங்கள். கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ண வேண்டும். முன்பல் இரண்டு, வேட்டைப்பல் ஒன்று, பாற்கடைவாய்ப் பல் இரண்டு. முன்பல் விழுந்திருந்தால் அந்த இடைவெளியையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்தோடு பாற்பல் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று நின்றால், அது ஆயுளுக்கும் அவள் வைத்திருக்க வேண்டிய பல். விழாது. விழுந்தால் முளைக்கவும் முளைக்காது.

இந்தப் பல் ஆறு வயதையொட்டி ஒரு பாற்பல்லும் விழாமலே சத்தமில்லாமல் பின்னால் முளைத்துவிடும். அதனால்தான் முன்பல் ஆடத் தொடங்கியதைக் கொண்டாடுகிற பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. "இது பாற்பல் என்றல்லவா நினைத்தோம் டொக்டர்" என்ற வசனத்தை நான் கேட்காத மாதம் இல்லை. முளைக்கும் மாதங்களில் இது மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்கும். பிரஷ் முன்னால் இருக்கும் பற்களின் மேலேயே வழுக்கிப் போய்விடும், இதைத் தொடாது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் வேறு. பிள்ளை வாயைப் பாதி மூடியிருக்க, கன்னப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கே நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்த்துவிடுங்கள். பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகும்வரை இது உங்கள் வேலை, அவளுடையது அல்ல.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் சூத்தை இல்லை. வெறும் கறையாகவும் இருக்கலாம். ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், பல் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். பல் நல்லதாக இருந்தால் பள்ளங்களுக்குள் மெல்லிய பூச்சு ஒன்றை இட்டு மூடிவிடலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

சரி, கறுப்பு நாலாவது அல்லது ஐந்தாவது பல்லில் என்றால்? அப்போதும் மாமி சொன்னபடி விடாதீர்கள். இந்தப் பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க வேண்டி வந்தால் பின்னால் இருக்கும் பல் முன்னுக்குச் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் வரவிருக்கும் பல் கோணலாக முளைக்கக்கூடும்.

இனி உங்கள் காலைப் பழக்கம். அது நல்லதுதான், ஆனால் உங்கள் கடிதத்தில் இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே. நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பகலில் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும் அந்தக் காவல் இரவில் கிடையாது. டியூசன் முடிந்து வந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, மோல்ட் கலந்த பால் ஒரு கோப்பை குடித்துவிட்டு அப்படியே படுக்கிற பிள்ளையின் பல்லில் அந்தச் சீனி விடியும்வரை வேலை செய்கிறது. ஒரு வேளைதான் தீட்ட முடியும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், இரவைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பால் முதலில், பல் தீட்டுவது கடைசியில். பிறகு தண்ணீர் மட்டும்.

பேஸ்ட்டைப் பொறுத்தவரை பெயரும் நிறமும் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. டியூபின் பின்பக்கத்தில், சூத்தையைத் தடுக்கும் புளோரைட் எத்தனை பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். 1000 முதல் 1500 வரை இருந்தால் போதும். சிறுவர் பேஸ்ட் சிலவற்றில் இதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. மகனுக்கு ஒரு அரிசியளவு, மகளுக்கு ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். தீட்டி முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் கழுவுண்டு போய்விடும். இதைக் கேட்டு முகம் சுளிக்காத ஆளை நான் இன்னும் காணவில்லை. இரண்டு கிழமையில் பழகிவிடும்.

வவுனியா, அனுராதபுரம் பக்கத்துச் சொந்தக்காரர், புளோரைட்டால்தான் தங்கள் பிள்ளைகளின் பல் காவி படிந்து போனது என்று சொல்லக்கூடும். அது உண்மை. அங்கே பல கிணறுகளில் புளோரைட் அதிகம், பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் வந்தது அது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி ஆற்றிலிருந்து வருவது, அதில் புளோரைட் குறைவு. உங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கப் பேஸ்ட்தான் வழி.

முரசில் இரத்தம் வருகிறது என்று பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. அழுக்குப் படிவதால்தான் முரசு வீங்கி இரத்தம் கசிகிறது. மென்மையான பிரஷால், முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் சிறு சிறு வட்டமாகத் தேயுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் குறையாவிட்டால் படிந்து கல்லாகிவிட்டது என்று அர்த்தம், அதைக் கிளீன் பண்ணித்தான் எடுக்க வேண்டும். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்பது பொய். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லை அந்தக் கல் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். இரத்தச் சீனியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நீரிழிவு இருந்தால் முரசு நோய் லேசில் அடங்காது.

எங்கே போவது? மகளின் பாடசாலையிலோ பக்கத்துப் பாடசாலையிலோ பல் சிகிச்சை நிலையம் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், 13 வயது வரையான பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. வெள்ளென போனால்தான் நேரத்தோடு வீடு திரும்பலாம். அதுவரை வலி வந்தால் பெனடோலை விழுங்கக் கொடுங்கள், பல்லுக்குள் வைக்க வேண்டாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

மாமி வெற்றிலை போடுபவர் என்றால் அன்றைக்கு அவரையும் கூட்டிப்போங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த இடம், முன்போல வாய் திறக்க முடியாமை ஆகியவற்றைத் தேட வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: தன் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து மேலும் கீழுமாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுதான் நுழைகிறது என்றால், வைத்தியரிடம் மகளின் பல்லுக்கு முதல் மாமியின் வாயைக் காட்டுங்கள்.