டெல்டாவில் என்ன உயிரியல் இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். இரண்டு முறை நீட் எழுதியும் மதிப்பெண் போதாததால் இளங்கலை விலங்கியலில் சேர்ந்து இந்த ஆண்டு முடித்திருக்கிறேன். முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். டாக்டர் ஆகாமல் உயிரியல் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். புரதங்களின் வடிவத்தையெல்லாம் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் கண்டுபிடித்துவிட்டது, அதற்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்கள், இனி ஆய்வகத்தில் மனிதர்களுக்கு வேலை இல்லை என்கிறார் என் சீனியர். சென்னையில் ஆறு மாத உயிரித்தகவலியல் பயிற்சி ஒன்று இருக்கிறது. கட்டணத்துக்காக அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். சேரலாமா? மரபணு திருத்திய நெல் வரப்போகிறது, அது விஷம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா? பெரிய நகரத்தில் இருந்தால் ஆராய்ச்சி என்று ஏதாவது செய்யலாம். டெல்டாவில் என்ன உயிரியல் இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

கடைசி வரி இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்குத் தனிமடலிலேயே பதில் எழுதியிருப்பேன். அந்த வரியைச் சென்ற மார்கழியிலிருந்து வேறொரு வடிவத்தில் நான் மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ உயிரியல் மாணவர்களோடு பேச அழைத்திருந்தார்கள். இரட்டைக் கருவுறுதல் என்றால் என்ன என்று கேட்டேன். மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்டுகளில் ஒன்று அண்டத்தோடு இணைந்து கருவாகும், மற்றொன்று இரண்டாம் நிலை உட்கருவோடு இணைந்து கருவூண் திசுவாகும், 1898இல் நவாஷின் இதைக் கண்டறிந்தார் என்று மூச்சு விடாமல் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உங்கள் டப்பாவில் இருக்கும் சோற்றில் கருவூண் திசு எது என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. நாம் உண்ணும் வெள்ளைச் சோறு முழுவதுமே அந்தத் திசுதான், கரு அரவையில் தவிட்டோடு போய்விடுகிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சுற்றுச்சுவருக்கு அப்பால் சம்பா பூத்து நின்றது. அழைத்துச் சென்று காட்டியபோது ஒரு விவசாயியின் மகன், "இதுல பூ எங்க சார் இருக்கு?" என்று கேட்டான்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதை நான்கு நிலைகளாக அழகாக வரைந்திருந்தான். சென்ற ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து வரைந்தது அது. வெங்காயத்தை வேர்விட வைத்தவரும் இல்லை, நறுக்கியவரும் இல்லை. நுண்ணோக்கிகள் உறை போட்டபடியே அலமாரியில் இருந்தன. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல். அவ்வளவு பெரிய பங்கில், ஓர் உயிரைக் கண்ணால் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வித்தியாசம் தெரியும்படியான கேள்வி அரிது. நீட் வருவதற்கு முன் எல்லாம் செம்மையாக நடந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அப்போதும் கேள்வித்தாளின் ப்ளூ பிரிண்டை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தினார்கள். ஆனால் அப்போது செய்முறை வகுப்பு என்ற ஒன்று பெயருக்காவது உயிரோடு இருந்தது.

உங்களை மட்டும் கண்டிக்காமல் விட முடியவில்லை, அம்மா. மூன்று ஆண்டு விலங்கியல் படித்தவர் எழுதிய கடிதத்தில் ஒரு விலங்கின் பெயர்கூட இல்லை. ஒரே ஓர் உயிராக நெல் வருகிறது, அதுவும் விஷமா என்ற கேள்வியோடு வருகிறது. புகையான் பூச்சி வந்து வயல் வட்டவட்டமாகத் தீய்ந்து போவதை நீங்கள் பார்த்ததில்லையா? கண்டபடி மருந்தடித்த பிறகு அது குறையாமல் இன்னும் பெருகுவதையும், அதைத் தின்றுகொண்டிருந்த சிலந்திகள் காணாமல் போவதையும் உங்கள் அப்பா சொன்னதில்லையா? இவையெல்லாம் விவசாயம், உயிரியல் வேறு எங்கோ இருக்கிறது என்று உங்களை நம்பவைத்தது யார்?

எனக்குத் தாவரவியல் சொல்லித் தந்த ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சில காலம் தினக்கூலியாக இருந்தவர். கதிர் வெளிவந்த ஒரு காலையில் எங்களை வரப்பில் வரிசையாக உட்காரவைத்தார். வெயில் ஏறி ஒன்பதரை மணி இருக்கும், உமியின் இரண்டு இதழ்களும் மெல்லப் பிரியத் தொடங்கின. உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே வந்து தொங்கின, அடியில் இறகு போன்ற சூல்முடி இரண்டு பக்கமும் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பிறகு உமி மூடிக்கொண்டது. அதற்குள் தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழுந்து அந்தப் பூவின் காரியம் முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு ரகங்களைக் கலக்க நினைப்பவர் அதற்கு முந்திக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலையிலேயே, இன்னும் திறக்காத உமியின் தலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, இடுக்கியால் ஆறு பைகளையும் உடையாமல் எடுத்து, கதிருக்கு வெண்ணெய்த்தாள் உறை போட்டு வைத்தார். மறுநாள் காலையில் வேறு ரகத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதறினார். ஒரு பை உடைந்துவிட்டால் அந்தப் பூவையே கிள்ளி எறிந்துவிட்டார். சில வாரம் கழித்து அந்தக் கதிரில் விளைந்தவை கைவிரலால் எண்ணும் அளவுக்குக் கொஞ்சம் மணிகள். மீதி எல்லாம் பதர்.

1922இல் தொடங்கிய ஆடுதுறை நிலையத்தில் இந்த வேலையைப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து 1960களில் அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 27 தஞ்சை மாவட்டத்தின் குறுவையையே மாற்றியது. உங்கள் அப்பா ஏ.டி.டி. 36 என்றும் 43 என்றும் சொல்லும் எண்கள் ஆராய்ச்சியின் எண்கள். அதற்கு முன்பே தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். நம் கடற்கரையின் செடிகளைச் சேகரித்தார். டால்டோர்ஃப் என்ற டேனிய அதிகாரி 1791இல் பனையேறிக் கெண்டையைப் பனைமரத்தில் பார்த்ததாகப் பின்னர் எழுதியதும் அதே ஊரைப் பற்றித்தான். அவர்களுக்கு மீனையும் செடியையும் அடையாளம் காட்டியிருக்கக்கூடிய நம் ஆட்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய தலைமுறை உங்களுடையது.

ஆல்ஃபாஃபோல்டு பற்றிய உங்கள் சீனியரின் பேச்சுக்கு வருகிறேன். 2020இல் அது செய்துகாட்டியது மகத்தான காரியம். 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பாதியை அதை உருவாக்கிய ஹஸ்ஸபிசும் ஜம்பரும் பெற்றது முற்றிலும் தகும். ஆனால் அந்தக் கணினி கற்றுக்கொண்டது எதிலிருந்து? 1971இல் ஒரு கைப்பிடி வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் வைத்து, ஒரே வடிவத்துக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்கள் அரை நூற்றாண்டாக நிரப்பிய வங்கி அது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணிபுரிந்தவர்களும் வரைந்து காட்டிய படத்தை வைத்துத்தான் இன்றும் ஒரு புரத வடிவம் சரியா தவறா என்று சோதிக்கிறார்கள். கணினிக்கு முன்னால் மனிதர்கள் இருந்தார்கள், பின்னாலும் இருப்பார்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

நான் சொல்லியே தீரவேண்டியது வேறு. மழை வெள்ளத்தில் சம்பா மூழ்கினால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். முழுதும் மூழ்கிய பயிர் தண்ணீருக்கு மேலே வந்துவிட முயன்று, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து, வெளிறி நீண்டு, தண்ணீர் வடிந்ததும் நிற்க வலுவில்லாமல் சாய்ந்து அழுகுகிறது. ஒடிசா விவசாயிகளின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் மட்டும் இப்படிச் செய்வதில்லை. தண்ணீருக்குள் அது வளர்ச்சியை நிறுத்தி, மூச்சடக்கியவர்போல் இரண்டு வாரம் வரை காத்திருந்து, வடிந்த பின் மீண்டும் தளிர்விடுகிறது. அதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். உங்கள் பக்கத்தில் விதைக்கும் சி.ஆர். 1009 சப் 1 அந்த மரபணுவைக் கலப்பு முறையில் வாங்கிக்கொண்ட நெல்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதையும் இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து வாசித்து 2005இல் வெளியிட்டன. அதற்கு எடுத்துக்கொண்டது நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். அந்த ரகத்தில் சப்1ஏ கிடையாது. அந்தத் தொகுதியை ஒருவர் கணினியில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் ஆராய்ந்திருந்தாலும் அந்த மரபணுவின் பெயரைக்கூட எழுதியிருக்க முடியாது. இல்லாத ஒன்றை எந்தக் கணக்கும் கண்டுபிடிக்காது. அது ஒடிசாவின் பள்ளக்காலில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் பச்சையாக நின்ற பயிரைப் பார்த்து, அதன் விதையைத் தனியே எடுத்துவைத்த மனிதர்களின் கையில் இருந்தது. பிறகுதான் அது ஆய்வகத்துக்குப் போயிற்று.

இப்போது நம் டெல்டாவுக்கு வாருங்கள். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை 170க்கும் மேற்பட்ட மரபு ரகங்களைத் தேடி மீட்டார். அவருக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் மீட்டுத் தந்த நெல்லை மேடையில் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்த மரபு ரகங்களில் ஒன்றான மடுமுழுங்கி வெள்ளத்தைத் தாங்கும் என்கிறோம். எத்தனை நாள் தாங்கும்? நாற்றாக இருக்கும்போதா, தூர் கட்டும்போதா, தொண்டைக்கதிரிலா? நுனி வெளியே தெரிந்தால் மட்டுமா, முழுதும் மூழ்கினாலுமா? வேகமாக நீண்டு மேலே வந்து தப்பிக்கிறதா, எஃப்.ஆர். 13ஏ போல அடங்கிக் காத்திருந்து தப்பிக்கிறதா? இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான உத்திகள். ஒன்று மாதக்கணக்கில் நிற்கும் ஆழ்நீருக்கு உதவும், மற்றொன்று வந்து வடியும் வெள்ளத்துக்கு உதவும். நம் வெள்ளம் எந்த வகை என்பதை உங்கள் ஊர் வடிகாலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதை விசாரிக்கப் பெரிய நகரம் வேண்டாம். மடுமுழுங்கி, சப்1ஏ இல்லாத பழைய சி.ஆர். 1009, சி.ஆர். 1009 சப் 1 ஆகிய மூன்றையும் தனித்தனிச் சட்டிகளில் விதையுங்கள். மூன்று வார நாற்றானதும் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, பாதிச் சட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் நுனி தெரியாமல் 14 நாள் மூழ்கவிடுங்கள்; மீதியை வெளியே வையுங்கள். எடுத்த உடனே மறுபடி அளவெடுங்கள். பிறகு இரண்டு வாரம் காத்திருந்து, புதுத் தளிர் விட்டவற்றை மட்டும் பிழைத்தவையாக எண்ணுங்கள். தண்ணீர் கலங்கலா தெளிவா, வெயிலா மூட்டமா என்பதையும் எழுதிவையுங்கள், ஏனென்றால் அதுவும் முடிவை மாற்றும். முதுகலை ஆய்வேட்டுக்கு இது போதும், தாராளமாகப் போதும். உங்கள் துறை விலங்கியல் என்றால் அதே தொட்டியில் நத்தைகளும் கொசுப்புழுக்களும் வரும், அவற்றையும் விடாதீர்கள்.

மரபணு திருத்திய நெல் விஷம் அல்ல. 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த இரண்டு ரகங்களில் கமலா என்பது நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204இலிருந்து வந்தது. செல் பிரிவைத் தூண்டும் ஹார்மோனான சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவை அதில் திருத்தியிருக்கிறார்கள். சைட்டோகைனின் மிஞ்சுவதால் கதிரில் மணிகள் கூடுகின்றன. வெளி உயிரின் மரபணு எதுவும் ரகத்தில் இல்லை. 19 விழுக்காடு கூடுதல் விளைச்சல் என்று உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். அது நம் களிமண்ணில், நம் தாளடியில் உண்மையா என்றும், அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது என்றும் உங்கள் ஊரார் கேட்கட்டும். அவை நியாயமான கேள்விகள்.

வேலை பற்றிய உறவினர்களின் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பயிற்சி நிறுவனத்துக்கு நகையை அடகு வைக்க அப்பாவை விடாதீர்கள். கணினி அவசியம் கற்க வேண்டும், அதில் எனக்கு ஐயம் இல்லை. பைத்தான் என்ற கணினி மொழியைக் கட்டணமில்லாமல் கற்கலாம், ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம் திறந்தே இருக்கிறது, நெல்லின் புரதங்கள் பல்லாயிரம் அதில் உள்ளன. முதுகலையில் சேருங்கள். மடுமுழுங்கி விதை வைத்திருக்கும் இருவரை எனக்குத் தெரியும். சட்டிகள் தயாரானதும் எழுதுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.